போசாக்கு விஞ்ஞானம் கற்க எந்தப் பல்கலைக்கழகம்?

க.பொ.த. உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளியாகும் ஒவ்வொரு தடவையும் உயிரியல் விஞ்ஞானப் பிரிவில் தோற்றிய மாணவர்களின் வீடுகளில் எழுகின்ற முதலாவது கேள்வி, மருத்துவ பீடம் கிடைக்குமா என்பதாகும். கிடைக்காது என்பது உறுதியான பின்னரே ஏனைய கற்கைநெறிகளின் பெயர்கள் வீட்டில் உச்சரிக்கப்படுகின்றன. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கு விண்ணப்பிப்பதற்குக் கிடைப்பதோ சில வாரங்களே. அந்தச் சில வாரங்களுக்குள், பெயரை மாத்திரம் பார்த்து, அயலவரின் சொல்லைக் கேட்டு, நான்கு ஆண்டுகாலக் கல்வியும் அதற்கு அப்பாலுள்ள வாழ்க்கைத் தொழிலும் தீர்மானிக்கப்பட்டு விடுகின்றன.

இவ்வாறு அவசரத்தில் தெரிவுசெய்யப்படும் கற்கைநெறிகளுள் போசாக்கு விஞ்ஞானமும் ஒன்று. "உணவு" என்ற சொல் பட்டத்தின் பெயரில் இருந்தால் எல்லாம் ஒன்றே என்ற எண்ணம் எம்மிடையே பரவலாகக் காணப்படுகின்றது. வைத்தியசாலையில் நோயாளருக்கு உணவு ஆலோசனை வழங்கும் பணியில் ஈடுபட விரும்பிய மாணவி, தகரத்தில் அடைத்த மீனின் தரத்தைப் பரிசோதிக்கும் பயிற்சியைப் பெறும் பட்டப்படிப்பில் சேர்ந்துவிட்டதை மூன்றாம் ஆண்டிலே உணர்ந்துகொள்வதனால் பயன் எதுவும் இல்லை. இரண்டும் மதிப்புள்ள தொழில்களே. ஆயினும் அவை இரண்டும் ஒன்றல்ல. எனவே, எந்தப் பல்கலைக்கழகம் என்று கேட்பதற்கு முன்னர் எந்தப் படிப்பு என்று கேட்பதே முறையாகும்.

இந்தக் கேள்வி தனிப்பட்ட மாணவர் ஒருவரின் எதிர்காலத்தோடு மாத்திரம் நின்றுவிடுவதல்ல. தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் 2016 ஆம் ஆண்டு மேற்கொண்ட குடித்தொகை மற்றும் சுகாதார மதிப்பீட்டின் பிரகாரம், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுள் சுமார் 17 வீதத்தினர் வயதுக்கேற்ற உயரமற்றவர்களாகவும், சுமார் 15 வீதத்தினர் உயரத்துக்கேற்ற நிறையற்றவர்களாகவும் இருந்தனர். பெருந்தோட்ட மக்கள் செறிந்து வாழும் நுவரெலியா மாவட்டத்திலே வயதுக்கேற்ற உயரமற்ற பிள்ளைகள் ஏறத்தாழ 32 வீதத்தினர். மறுபுறம், 2005 - 2006 காலப்பகுதியில் நாடளாவிய ரீதியில் நடத்தப்பட்ட ஆய்வொன்று, வயதுவந்தோரில் ஐவருள் ஒருவர் நீரிழிவு நோய்க்கோ அதற்கு முந்திய நிலைக்கோ ஆளாகியிருந்ததை வெளிப்படுத்தியது. ஒருபுறம் உண்ணப் போதாத குழந்தை, மறுபுறம் உண்பதனால் நோயுறும் பெரியவர் என்ற இரட்டைச் சுமையை இந்நாடு சுமந்துகொண்டிருந்த வேளையிலேயே 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியும் வந்து சேர்ந்தது. முட்டையும் பால்மாவும் மீனும் பல குடும்பங்களின் கைக்கு எட்டாத பொருள்களாயின.

இத்தகைய நாட்டிலே தமிழில் பேசி, தமிழ் பேசும் மக்களின் சமையலறையை அறிந்து, விஞ்ஞான அடிப்படையில் ஆலோசனை கூறக்கூடியவர்கள் எத்தனை பேர் என்பது எமது சமூகங்கள் இரண்டும் தம்மைத்தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வியாகும். அவர்கள் எங்கிருந்தோ வரப்போவதில்லை. இன்று விண்ணப்பப் படிவத்தை நிரப்பிக்கொண்டிருக்கும் மாணவர்களுள் இருந்தே வரவேண்டும்.

ஒரே உப்பு, மூன்று துறைகள்

உணவோடு தொடர்புடைய பட்டப்படிப்புகள் பிரதானமாக மூன்று துறைகளைச் சார்ந்தவை. அவற்றின் வேறுபாட்டைச் சாதாரண உப்பை உதாரணமாகக் கொண்டு விளக்கலாம். இலங்கையில் உண்ணும் உப்புக்கு அயடின் சேர்ப்பது 1995 ஆம் ஆண்டு கட்டாயமாக்கப்பட்டது. உப்பிலே அயடினை எவ்வாறு சீராகக் கலப்பது, களஞ்சியத்திலும் கடையிலும் ஈரப்பதன் காரணமாக அது இழக்கப்படாது பாதுகாப்பது எவ்வாறு, எவ்வகைப் பொதியில் அடைப்பது என்பவை உணவு விஞ்ஞானமும் தொழில்நுட்பமும் ஆராயும் விடயங்கள். கர்ப்பிணித் தாய்க்கு எவ்வளவு அயடின் தேவை, அது குறைந்தால் கருவிலுள்ள சிசுவின் மூளை வளர்ச்சிக்கு நேரும் பாதிப்பு என்ன, ஒரு பிரதேச மக்கள் போதிய அயடினைப் பெறுகின்றனரா என்பதை அறிவது எவ்வாறு என்பவை போசாக்கு விஞ்ஞானத்தின் வினாக்கள். உயர் குருதி அமுக்கத்தாலோ சிறுநீரக நோயாலோ பாதிக்கப்பட்டு உப்பைக் குறைக்கும்படி வைத்தியரால் பணிக்கப்பட்ட ஒருவருக்கு, அவர் வழக்கமாக உண்ணும் கருவாட்டையும் ஊறுகாயையும் கணக்கிலெடுத்து, நாளாந்த உணவு அட்டவணையை வகுத்துக்கொடுப்பது டயட்டீஷியன் என வழங்கப்படும் உணவுமுறை ஆலோசகரின் பணி.

முதலாவது துறையிலே உணவு இரசாயனம், நுண்ணுயிரியல், பதனிடல், பொறியியல் அடிப்படைகள், தரக்கட்டுப்பாடு என்பன முதன்மை பெறும். இரண்டாவதில் மனித உடற்றொழிலியல், உயிர் இரசாயனம், சமுதாயப் போசாக்கு, புள்ளிவிபரவியல் என்பன மேலோங்கும். மூன்றாவது துறை இவற்றுக்கு மேலாக நோயியல் அறிவையும் வைத்தியசாலைப் பயிற்சியையும் வேண்டி நிற்கும். மாணவர் தமக்குத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டியது இதுதான்: நான் வேலைசெய்ய விரும்புவது தொழிற்சாலையின் ஆய்வுகூடத்திலா, கிராமத்துத் தாய்மார் கிளினிக்கிலா, வைத்தியசாலை விடுதியில் நோயாளியின் கட்டிலருகிலா? இதற்கான விடை தெளிவானால் பல்கலைக்கழகத் தெரிவின் பாதி முடிந்துவிட்டது எனலாம்.

உள்நாட்டில் உள்ள வாய்ப்புகள்

அரச பல்கலைக்கழகங்களுள் "போசணை" என்ற சொல்லைப் பட்டத்தின் பெயரிலேயே தாங்கி நிற்பது வயம்ப பல்கலைக்கழகத்தின் உணவு விஞ்ஞானமும் போசணையும் என்ற கற்கைநெறியாகும். 1999 ஆம் ஆண்டு தனிப் பல்கலைக்கழகமாக நிறுவப்பட்ட வயம்பவின் கால்நடை, மீன்பிடி மற்றும் போசணை பீடம் இதனை நடத்துகின்றது. பல்கலைக்கழகத்தின் நிர்வாகம் குளியாப்பிட்டியில் அமைந்திருப்பினும் இப்பீடம் பன்னலைக்கு அண்மையிலுள்ள மாக்கந்துர வளாகத்திலேயே இயங்குகின்றது என்பதை விடுதியும் போக்குவரத்தும் பற்றித் திட்டமிடும் பெற்றோர் கவனத்திற் கொள்ளவேண்டும். உணவு விஞ்ஞானத்தையும் மனித போசாக்கையும் ஒன்றாகக் கற்க விரும்புவோருக்கு இது நேரடியான வழியாகும்.

பேராதனை, ஸ்ரீ ஜயவர்த்தனபுர, சப்ரகமுவ ஆகிய பல்கலைக்கழகங்களில் உணவு விஞ்ஞானமும் தொழில்நுட்பமும் என்ற பட்டப்படிப்பு உண்டு. பேராதனையில் இது விவசாய பீடத்தின் நிழலில் வளர்ந்தது. எனவே பயிர்ச்செய்கை முதல் அறுவடைக்குப் பிந்திய தொழில்நுட்பம் வரையிலான அறிவுச் சூழல் அங்கு உள்ளது. ஸ்ரீ ஜயவர்த்தனபுரவில் இத்துறை பிரயோக விஞ்ஞான பீடத்தைச் சார்ந்தது. அதே பல்கலைக்கழகத்தில் எமது நாட்டு உணவுகளைப் பற்றிய குறிப்பிடத்தக்க ஆய்வுகளும் நடைபெற்றுள்ளன. பனம்பழக் களிக்குக் கசப்பைத் தருகின்ற பிளபெலிபெரின் எனும் சேர்வைகள் பற்றியும், நாம் நாளாந்தம் உண்ணும் அரிசி, மா உணவுகள் குருதியில் சீனியின் அளவை எந்த வேகத்தில் உயர்த்துகின்றன என்பது பற்றியும் அங்கு ஆராயப்பட்டுள்ளது. வடக்கின் பனம்பழம் கொழும்புக்கு அருகேயுள்ள ஆய்வுகூடத்தில் ஆராயப்படுவது விஞ்ஞானத்துக்குப் பிரதேச எல்லை இல்லை என்பதற்கு நல்ல சான்றாகும். அதேவேளை, இத்தகைய ஆய்வுகளைத் தொடரும் எமது பிள்ளைகள் எங்கே என்ற கேள்வியையும் அது எழுப்பாமல் இல்லை.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் கிளிநொச்சி அறிவியல்நகரிலும், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் வந்தாறுமூலையிலும் இயங்குகின்றன. இவை வழங்குவது விவசாய விஞ்ஞானப் பட்டம். உணவு விஞ்ஞானம் அதன் ஓர் அங்கமாகக் கற்பிக்கப்படுகின்றது. வீட்டுக்கு அண்மையில் கற்கவேண்டிய நிலையிலுள்ள மாணவர், இந்தப் பட்டத்தோடு உணவு அல்லது போசாக்குத் துறையில் பட்டப்பின் படிப்பை மேற்கொண்டு இத்துறைக்குள் நுழையலாம். சற்று நீண்ட பாதை இது. ஆயினும் மூடிய பாதையல்ல. மக்களின் உணவுப் பழக்கத்தையும் வாழ்க்கை முறையையும் மாற்றுவதில் நாட்டம் உள்ளோர் ரஜரட்ட பல்கலைக்கழகம் மிகிந்தலையில் நடத்தும் சுகாதார மேம்பாட்டுப் பட்டப்படிப்பையும் கருத்திற் கொள்ளலாம். தொழிற்கல்வி வழியாக வருவோருக்கு இரத்மலானையிலுள்ள தொழில்நுட்பவியல் பல்கலைக்கழகத்தின் உணவுப் பதனிடல் தொழில்நுட்பப் பட்டம் மற்றொரு வாயிலாகும்.

விண்ணப்பத்தில் நேரும் தவறுகள்

முதலாவது தவறு பாடத்தெரிவில் நேர்கின்றது. எமது பாடசாலைகளில், குறிப்பாகப் பெண்கள் பாடசாலைகளில், மனைப்பொருளியல் பாடத்தை விரும்பிக் கற்கும் மாணவிகள் பலர். போசாக்கு பற்றிய முதலாவது அறிவை அவர்களுக்கு ஊட்டுவதும் அந்தப் பாடமே. ஆனால் உயர்தரத்தில் கலைப் பிரிவில் மனைப்பொருளியலைக் கற்ற மாணவி ஒருவர் மேற்குறித்த விஞ்ஞானப் பட்டப்படிப்புகளுக்கு விண்ணப்பிக்க முடியாது. இரசாயனவியலும் உயிரியல் சார்ந்த பாடங்களும் இவற்றுக்கு அடிப்படை. எனவே போசாக்குத் துறையில் உண்மையான நாட்டமுள்ள பிள்ளைக்கு வழிகாட்ட வேண்டிய காலம் உயர்தரப் பெறுபேறு வந்த பின்னரல்ல. சாதாரண தரப் பெறுபேறு வந்தவுடனேயே ஆகும். உயர்தர விஞ்ஞானப் பிரிவு இல்லாத தோட்டப்புறப் பாடசாலைகளிலும் கிராமப் பாடசாலைகளிலும் கற்பவர்கள் இந்தக் கட்டத்திலேயே வாய்ப்பை இழந்துவிடுகின்றனர். அவர்களை விஞ்ஞானப் பிரிவுள்ள பாடசாலைக்கு அனுப்பிவைப்பது அதிபர்களின் பொறுப்பாகும்.

இரண்டாவது தவறு, விருப்ப ஒழுங்கை எழுதுவதில் நேர்கின்றது. 2001 ஆம் ஆண்டு முதல் பல்கலைக்கழக அனுமதி இசட் புள்ளியின் அடிப்படையிலே நடைபெறுகின்றது. பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு 40 வீதமான இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்டங்களின் சனத்தொகை அடிப்படையிலும், எஞ்சிய 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு மேலதிகமாகவும் பகிரப்படுகின்றன. மன்னார், முல்லைத்தீவு, வவுனியா, திருகோணமலை, அம்பாறை, நுவரெலியா, புத்தளம் போன்றவை அத்தகைய மாவட்டங்களுட் சில. ஆகவே ஒரே கற்கைநெறிக்கு மாவட்டத்துக்கு மாவட்டம் வெட்டுப்புள்ளி வேறுபடும். ஆண்டுக்கு ஆண்டும் மாறும். சென்ற ஆண்டின் வெட்டுப்புள்ளி ஒரு வழிகாட்டியே தவிர உத்தரவாதமல்ல.

ஒருவர் எழுதிய விருப்ப ஒழுங்கிலே, அவருடைய புள்ளி இடமளிக்கும் மிக உயர்ந்த விருப்பமே அவருக்கு வழங்கப்படுகின்றது. இதனைப் புரிந்துகொள்ளாத சிலர், கிடைக்காமற் போய்விடுமோ என்ற அச்சத்தினால், தாம் விரும்பாத ஆனால் வெட்டுப்புள்ளி குறைந்த கற்கைநெறியை முதலிலே எழுதி விடுகின்றனர். அது கிடைத்தும் விடுகின்றது. அதற்குக் கீழே எழுதப்பட்ட உண்மையான விருப்பம் பரிசீலிக்கப்படுவதே இல்லை. பதிவுசெய்த பின்னர் மாற்றம் பெறுவது இலகுவான காரியமன்று. உண்மையான விருப்பத்தின் ஒழுங்கிலேயே எழுதுவதனால் எவருக்கும் நட்டம் ஏற்படுவதில்லை. ஆணைக்குழு ஆண்டுதோறும் வெளியிடும் மாணவர் கைநூல் தமிழிலும் கிடைக்கின்றது. தகைமைப் பாடங்கள் பற்றிய இறுதி வார்த்தை அந்தக் கைநூலிலேயே உள்ளது. தனியார் வகுப்பு ஆசிரியரின் நினைவாற்றலில் அல்ல.

கேட்கவேண்டிய கேள்விகள்

இரண்டு பல்கலைக்கழகங்களுள் ஒன்றைத் தெரிவுசெய்யும் நிலை ஏற்படும்போது அவற்றின் பெயரையும் கட்டடங்களையும் ஒப்பிடுவதிலும் பார்க்கப் பாடத்திட்டங்களை ஒப்பிடுவதே பயனுள்ளது. நான்கு ஆண்டுகளிலும் மனித போசாக்கு, உடற்றொழிலியல், மருத்துவப் போசாக்கு ஆகியவற்றுக்கு எத்தனை பாடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன, பதனிடல் தொழில்நுட்பத்துக்கு எத்தனை என எண்ணிப் பார்க்கலாம். பட்டத்தின் பெயரைக் காட்டிலும் இந்த எண்ணிக்கை உண்மையைச் சொல்லும்.

அடுத்தது பயிற்சி. போசாக்கு என்பது புத்தகத்தில் மாத்திரம் கற்கக்கூடிய துறையல்ல. உள்ளகப் பயிற்சி எத்தனை மாதங்கள், அது எங்கே வழங்கப்படுகின்றது, வைத்தியசாலையிலும் சுகாதார வைத்திய அதிகாரி பிரிவுகளிலும் பணியாற்றும் வாய்ப்பு உண்டா, அன்றித் தொழிற்சாலைகளிலே மாத்திரமா என்பன முக்கியமான வினாக்கள். இறுதி ஆண்டு ஆய்வுக்கு மாணவர் தமது சொந்தப் பிரதேசத்தின் பிரச்சினையொன்றைத் தெரிவுசெய்ய இடமளிக்கப்படுமா என்பதையும் அறிந்துகொள்வது நல்லது. தோட்டத்துக் குழந்தைகளின் காலை உணவு, மீனவக் கிராமங்களில் தாய்மாரின் குருதிச் சோகை, புழுங்கல் அரிசியில் எஞ்சும் விற்றமின்கள் என ஆராயப்படவேண்டிய விடயங்கள் எமது வாசலிலேயே காத்திருக்கின்றன.

இவற்றுக்கான விடைகளைத் துறைத்தலைவருக்கு ஒரு கடிதம் எழுதியும் பெறலாம். ஆயினும் அந்தப் பல்கலைக்கழகத்தில் தற்போது மூன்றாம், நான்காம் ஆண்டுகளில் கற்கும் மாணவர் இருவருடனாவது, வெளியேறிய பட்டதாரி ஒருவருடனாவது பேசுவதே மிகச் சிறந்த வழியாகும். அவர்கள் இப்போது என்ன வேலை செய்கின்றார்கள் என்ற ஒரு கேள்வியே பல விளம்பரங்களுக்குச் சமமானது.

மொழி எனும் மதில்

உயர்தரம் வரை தமிழ் மொழிமூலம் கற்ற மாணவர்களுக்குப் பல்கலைக்கழகத்தின் முதலாம் ஆண்டு பெரும் சோதனையாக அமைவதற்குப் பிரதான காரணம் ஆங்கிலம். மேற்குறித்த விஞ்ஞானப் பட்டங்கள் யாவும் ஆங்கிலத்திலேயே கற்பிக்கப்படுகின்றன. நொதியங்களைத் தமிழில் நன்கு விளங்கிக்கொண்ட மாணவர் ஆங்கில வினாத்தாளின் முன்னே திகைத்து நிற்பது அறிவின் குறைபாட்டினாலல்ல. பெறுபேறு வெளியான நாளுக்கும் பல்கலைக்கழகம் தொடங்கும் நாளுக்கும் இடையே நீண்ட மாதங்கள் கழிகின்றன. அந்தக் காலத்தை உயிரியல், இரசாயனவியல் பாடங்களை ஆங்கில நூல்களில் மீள வாசிப்பதற்குப் பயன்படுத்துவோர் பின்னர் வருந்துவதில்லை.

ஆங்கிலத்தோடு சிங்களமும் வேண்டும். மாக்கந்துரவிலோ பெலிஹுல்ஓயாவிலோ கற்பவருக்கு அது நாளாந்த வாழ்வின் தேவை. களப்பயிற்சியின்போது கிராமத்துத் தாயொருவரிடம் நேற்று என்ன சமைத்தீர்கள் என்று கேட்பதற்கும் அது அவசியம். இதனைச் சுமையாகக் கருதவேண்டியதில்லை. மூன்று மொழிகளிலும் மக்களோடு பேசக்கூடிய போசாக்குப் பட்டதாரி இந்நாட்டின் எந்த மாவட்டத்திலும் பணியாற்றத் தகுதி பெற்றவராகின்றார்.

அதேவேளை, அவர் திரும்பிவந்து தமிழிலே பேசும்போதுதான் கற்ற கல்வியின் முழுப் பயனும் எமக்குக் கிடைக்கும். நீரிழிவு நோயாளிக்கு வழங்கப்படும் உணவுத் துண்டுப்பிரசுரம் அவர் உண்ணாத உணவுகளைப் பட்டியலிடுவதாக இருந்தால் அது சட்டைப்பையிலேயே தங்கிவிடும். பிட்டு எத்தனை கோப்பை, இடியப்பம் எத்தனை, அதனோடு சொதியா சம்பலா, ஒடியற்கூழில் எவ்வளவு மாச்சத்து, வட்டிலப்பத்தில் எவ்வளவு கருப்பட்டி என்று சொல்லத் தெரிந்தவரின் ஆலோசனையே வீட்டுச் சமையலறை வரை செல்லும். றமழான் மாதத்தில் பதின்மூன்று மணித்தியாலங்களுக்கும் மேலாக நோன்பிருக்க விரும்பும் நீரிழிவு நோயாளி சஹரில் எதை உண்பது, நோன்பு திறக்கும் வேளையில் கஞ்சியையும் பேரீச்சம்பழத்தையும் எந்த அளவில் கொள்வது, மருந்தின் நேரத்தை மாற்றுவது பற்றி வைத்தியரிடம் எப்போது பேசுவது என்பவற்றையும், கந்தசஷ்டி விரதமிருக்கும் முதியவர் எதனைக் கவனிக்கவேண்டும் என்பதையும் நம்பிக்கையை மதித்து விளக்கக்கூடியவர் தேவை. வெறுமனே "நோன்பு வேண்டாம்" என்று கூறும் ஆலோசனையைப் பலர் கேட்பதில்லை. கேளாமல், மறைவாக நோன்பிருந்து ஆபத்துக்குள்ளாகின்றனர்.

பெண் பிள்ளைகளும் தூரமும்

இத்துறையை விரும்புவோருள் மாணவிகள் அதிகம். தமிழ், முஸ்லிம் குடும்பங்கள் இரண்டிலும் மகளைத் தூர இடத்துக்கு அனுப்புவது குறித்த தயக்கம் உண்டு. அந்தத் தயக்கத்தை ஏளனம் செய்வதனால் பயனில்லை. அதற்குரிய தகவல்களைத் தேடிக்கொடுப்பதே உதவியாகும். முதலாம் ஆண்டில் விடுதி வசதி வழங்கப்படுமா, ஏனைய ஆண்டுகளில் எங்கே தங்குவது, விடுதியில் ஹலால் உணவும் மரக்கறி உணவும் கிடைக்குமா, தொழுகைக்கு இடமுண்டா, ஊருக்குத் திரும்பப் பேருந்து எத்தனை தடவை மாறவேண்டும் என்பனவெல்லாம் நியாயமான கேள்விகளே. பகிடிவதைக்கு எதிராக 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டம் நடைமுறையில் உள்ளது. முறைப்பாடு செய்யும் வழிகளையும் மாணவர் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும்.

இவற்றையெல்லாம் விசாரித்த பின்னரும், தூரம் என்ற ஒரே காரணத்துக்காகக் கிடைத்த இடத்தைக் கைவிடுவது பெரும் இழப்பாகும். அரச பல்கலைக்கழகத்தில் கற்பித்தலுக்குக் கட்டணம் இல்லை. தகுதியுள்ள மாணவருக்கு 1981 ஆம் ஆண்டு ஆரம்பிக்கப்பட்ட மகாபொல புலமைப்பரிசிலோ பல்கலைக்கழக உதவுதொகையோ கிடைக்கின்றது. ஓர் இடம் கைவிடப்படும்போது அந்த மாணவி மாத்திரமல்ல, அவருடைய ஊரின் தாய்மார் கிளினிக்கும் ஒருவரை இழக்கின்றது.

தனியார் நிறுவனங்களும் வெளிநாடும்

அரச பல்கலைக்கழகம் கிடைக்காதவர்களை நோக்கித் தனியார் நிறுவனங்களின் விளம்பரங்கள் வருகின்றன. அவற்றுட் சில தரமானவை. எல்லாம் அல்ல. பணத்தைச் செலுத்துவதற்கு முன்னர் மூன்று விடயங்களை எழுத்திலே கேட்டுப் பெறவேண்டும். உள்நாட்டு நிறுவனமே பட்டம் வழங்குவதாயின் 1978 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின் 25 ஏ பிரிவின் கீழ் அதற்கு அனுமதி உண்டா? வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் பட்டமாயின் அப்பல்கலைக்கழகம் மானியங்கள் ஆணைக்குழுவினால் அங்கீகரிக்கப்பட்டதா? வழங்கப்படுவது பட்டமா, டிப்ளோமாவா? இலங்கைத் தகைமைகள் சட்டகத்தில் நான்காண்டுச் சிறப்புப் பட்டம் ஆறாம் மட்டத்திலும் மூன்றாண்டுப் பட்டம் ஐந்தாம் மட்டத்திலும் வைக்கப்பட்டுள்ளன. பட்டப்பின் படிப்புக்கும் அரச நியமனத்துக்கும் விண்ணப்பிக்கும்போது இந்த வேறுபாடு முன்னே வந்து நிற்கும். சில மாதச் சான்றிதழ் வகுப்பை முடித்தவர் தம்மைப் போசாக்கு நிபுணர் என அழைத்துக்கொள்வதைக் காண்கின்றோம். நோயாளியின் உயிரோடு தொடர்புடைய துறையில் அது ஆபத்தானது.

இந்தியாவை நாடுவோருக்குத் தமிழகம் நெருக்கமானது. கோயம்புத்தூரிலுள்ள அவினாசிலிங்கம் நிறுவனம் 1957 ஆம் ஆண்டு மனையியல் கல்லூரியாக ஆரம்பிக்கப்பட்டு 1988 ஆம் ஆண்டு நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. பெண்களுக்கான அந்நிறுவனம் உணவு, போசாக்குத் துறைகளில் நீண்ட பாரம்பரியம் உடையது. சென்னையிலும் இத்துறையைக் கற்பிக்கும் பெண்கள் கல்லூரிகள் உண்டு. இந்திய அரசாங்கத்தின் கலாசார உறவுகளுக்கான பேரவை இலங்கை மாணவர்களுக்குப் புலமைப்பரிசில்களை வழங்கி வருகின்றது. ஆயினும் இந்தியாவில் பதிவுபெற்ற டயட்டீஷியனாவதற்கு முதற்பட்டம் மாத்திரம் போதாது. பட்டப்பின் தகைமையும் வைத்தியசாலைப் பயிற்சியும் இந்திய உணவியல் சங்கத்தின் பரீட்சையும் வேண்டும்.

பிரித்தானியாவில் டயட்டீஷியன் என்ற பெயர் சட்டத்தினால் பாதுகாக்கப்பட்டது. உரிய சபையில் பதிவுசெய்தோர் மாத்திரமே அப்பெயரைப் பயன்படுத்தலாம். நியூட்ரிஷனிஸ்ட் என்ற பெயருக்கு அத்தகைய சட்டப் பாதுகாப்பு அங்கில்லை. அவுஸ்திரேலியாவிலும் தொழில்சார் அமைப்பின் அங்கீகாரம் பெற்ற கற்கைநெறியை முடித்திருப்பது முக்கியமானது. ஆகவே வெளிநாட்டில் தொழில் புரியும் எண்ணமுள்ளோர் பட்டத்தின் பெயரைப் பார்த்து ஏமாறாமல், அந்தக் குறிப்பிட்ட கற்கைநெறிக்குத் தொழில்சார் அங்கீகாரம் உண்டா என விசாரிக்க வேண்டும்.

தொழில் வாய்ப்பு

இத்துறையில் எல்லோருக்கும் அரச நியமனம் காத்திருக்கின்றது எனக் கூறுவது மாணவரை ஏமாற்றுவதாகும். அரச வைத்தியசாலைகளிலே போசாக்குப் பட்டதாரிகளுக்கான பதவிகள் வரையறுக்கப்பட்டவை. தனியார் வைத்தியசாலைகள், உணவு உற்பத்தி மற்றும் ஏற்றுமதி நிறுவனங்கள், ஆய்வு நிறுவனங்கள், யுனிசெப், உலக உணவுத் திட்டம் போன்ற அமைப்புகளின் செயற்றிட்டங்கள், விளையாட்டுத் துறை, ஆசிரியப் பணி என்பனவே பிரதான வாய்ப்புகள். உணவுத் தொழில்நுட்பம் கற்றவருக்குத் தொழிற்சாலைகளில் வேலை ஒப்பீட்டளவில் விரைவாகக் கிடைக்கும். போசாக்குக் கற்றவர் பட்டப்பின் படிப்பையும் மேற்கொண்டால்தான் துறையில் முன்னேற முடியும். இதனை முன்கூட்டியே தெரிந்துகொண்டு சேர்பவருக்கு ஏமாற்றம் குறையும்.

பதவிகள் குறைவு என்பது தேவை குறைவு என்று பொருள்படாது. 1973 ஆம் ஆண்டு முதல் திரிபோஷவை விநியோகித்து வரும் நாட்டிலே, அதனைப் பெற்றுச்செல்லும் தாய்க்கு அதனை எவ்வாறு பயன்படுத்துவது, வீட்டிலுள்ள பயறையும் முருங்கையிலையையும் நெத்தலியையும் கொண்டு குழந்தையின் உணவை எவ்வாறு செறிவூட்டுவது என்பதைக் கிராமத்துக் குடும்பநல உத்தியோகத்தரே தமது ஏனைய கடமைகளுக்கிடையில் சொல்லிக்கொடுக்கின்றார். அவருக்குத் துணையாகப் பயிற்றப்பட்ட பட்டதாரிகளை மாகாண சபைகளும் சுகாதார அமைச்சும் நியமிக்க வேண்டும் எனக் கோருவது மக்கள் பிரதிநிதிகளின் கடமை. பல்கலைக்கழகங்கள் பட்டதாரிகளை உருவாக்க, அரசாங்கம் அவர்களைப் பயன்படுத்தாது விடுமாயின் அது பொதுப் பணத்தின் விரயமேயன்றி வேறில்லை.

எந்தப் பல்கலைக்கழகம் என்ற கேள்விக்கு எல்லோருக்கும் பொருந்தும் ஒரே விடை கிடையாது. மனித போசாக்கையே நேரடியாகக் கற்க விரும்புபவர் வயம்பவை முதலில் எழுதட்டும். உணவு உற்பத்தியையும் தரத்தையும் நாடுபவர் பேராதனை, ஸ்ரீ ஜயவர்த்தனபுர, சப்ரகமுவ ஆகியவற்றின் பாடத்திட்டங்களை அருகருகே வைத்துப் பார்க்கட்டும். ஊரைவிட்டு நீங்க முடியாதவர் அறிவியல்நகரையும் வந்தாறுமூலையையும் தொடக்கமாகக் கொள்ளட்டும். வைத்தியசாலைப் பணியையே இலட்சியமாகக் கொண்டவர் முதற்பட்டத்துக்கு அப்பாலுள்ள ஆண்டுகளையும் இன்றே கணக்கிற் கொள்ளட்டும். மருத்துவம் கிடைக்காததனால் வந்து சேர்ந்த இடம் என்று இத்துறையைக் கருதும் மனப்பான்மையைப் பெற்றோரும் ஆசிரியரும் கைவிடவேண்டும். நோய் வந்த பின்னர் குணப்படுத்துபவரைப் போற்றும் சமூகம், அந்நோய் வராமற் காக்கக் கற்பவரையும் அதே மதிப்போடு வழியனுப்பி வைக்கவேண்டும்.